மெட்டேறிப் போனவர்களின் பாட்டு

தேனிப் பக்கத்தில் மெட்டு என்றால் முதலில் மலைதான் நினைவுக்கு வரும். கம்பம்மெட்டு, போடிமெட்டு. கீழேயிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை முகட்டைத் தொடுகிற இடம் அது. தாண்டினால் கேரளம். பாட்டின் மெட்டு அப்புறம்தான். இந்த இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றா என்பது மொழியறிஞர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இரண்டும் பிரியாமல் கிடக்கின்றன. தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் மெட்டுகளைக் கட்டியவர், மலை மெட்டேறிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் பிள்ளை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பத்திலோ கூடலூரிலோ தேவாரத்திலோ போடியிலோ நின்று பார்த்தால் இந்த வாழ்க்கையின் ஒரு துண்டு தெரியும். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையும், தலையில் துண்டும், கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். இடம் இருக்கிற அளவுக்கு என்று இல்லை, ஆள் இருக்கிற அளவுக்கு ஏறுவார்கள். மேலே ஏலத்தோட்டம். தேயிலையை நின்றுகொண்டு கிள்ளலாம். ஏலக்காய் அப்படி இல்லை, செடியின் அடியில் தரையோடு ஒட்டிய கொத்துகளில் காய்க்கும். ஆகவே காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குத்தவைத்தோ குனிந்தோ செடி செடியாக நகர வேண்டும். கீழே ஈரச் சருகு, அட்டை. மேலே மழை. சாயங்காலம் அதே ஜீப்பில் அதே மெட்டு இறங்கி வீடு வந்து, பிறகு அடுப்பு.

அந்த ஜீப்பில் பாட்டு ஓடும். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா. பாடுகிற பெட்டிக்கும் கேட்கிற பெண்ணுக்கும் ஊர் தூரம் சில மைல்கள்தான். இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் இதே மலையடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டாரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுகளில் இந்தப் பெண்ணின் நாள் எவ்வளவு இருக்கிறது? எனக்குள் நெடுநாளாக இருக்கும் கேள்வி இது. ராஜாவின் இசையில் வளர்ந்தவன் என்பதால்தான் கேட்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது, கேட்டால் தொடர்பே இல்லை என்று தோன்றும் ஓர் அமெரிக்க இசைத்தொகுப்பு. டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற குழு 2004இல் வெளியிட்ட 'தி டர்ட்டி சவுத்'. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசை வகையைச் சேர்ந்தது. அதன் களத்தில் முக்கியமானது வடக்கு அலபாமா, டென்னசி ஆற்றின் பள்ளத்தாக்கு. அங்கே ஓர் அணை உண்டு. 1924இல் முடிந்த வில்சன் அணை. அதன் பக்கத்தில் மசில் ஷோல்ஸ் என்ற சிற்றூர். அறுபது எழுபதுகளில் அமெரிக்காவின் பெரும் பாடகர்கள் ஒலிப்பதிவுக்குத் தேடி வந்த ஊர் அது. குழுவின் பாடகர்களில் ஒருவரான பேட்டர்சன் ஹூட், அந்த ஊரின் புகழ்பெற்ற பேஸ் கிதார் கலைஞர் டேவிட் ஹூடின் மகன்.

அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டு, ஃபோர்டு ஆலையில் வேலை போன ஒருவனுடையது. பக்கத்து நகரமான ஹன்ட்ஸ்வில்லில் நிலவுக்கு ஆளனுப்பும் ராக்கெட் செய்கிறார்கள். இவன் வீட்டில் மனைவிக்குப் புற்றுநோய், மருத்துவத்துக்குக் காசில்லை. வேறு வழியில்லாமல் சட்டவிரோத வியாபாரத்தில் இறங்கி, கடைசியில் வால்மார்ட் கடைக்கு வேலைக்குப் போகிறான். ஆலையின் பெயர், நோயின் பெயர், கடையின் பெயர் எல்லாம் பாட்டுக்குள்ளேயே வருகின்றன. குழுவின் இன்னொரு பாடகரான ஜேசன் இஸ்பெல், டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தைப் பற்றித் தனியாக ஒரு பாட்டே கட்டினார். அணை வேலையால் அடுப்பெரிந்த ஒரு குடும்பம் அந்த அணையை நன்றியோடு நினைக்கும் பாட்டு. ஒரு பள்ளத்தாக்கு தன் வேலையை, தன் முதலாளியை, தன் கடனைப் பெயர் சொல்லிப் பாடிக்கொள்வது என்றால் இதுதான்.

அப்படியானால் கம்பம் பள்ளத்தாக்குக்கு? அப்படி ஒரு தொகுப்பு இங்கேயும் இருந்தது. மேடையில், ஆர்மோனியத்தின் முன்னால், ராத்திரிகளில் அது பாடப்பட்டது. அதன் பெயர் பாவலர் வரதராசன்.

பாவலரின் பாட்டைப் புரிந்துகொள்ள இந்தப் பள்ளத்தாக்கின் பாதைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கை இன்றும் பள்ளத்தாக்கில் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபமும் எழுந்தது. நியாயமான நன்றி அது. காடும் மழையும் காய்ச்சலும் தின்ற கூலியாட்களின் பெயர்கள் அவரளவுக்கு நிலைக்கவில்லை. அந்தத் தண்ணீரால்தான் இங்கே 14,707 ஏக்கர் இருபோகம் ஆனது. திராட்சையும் தென்னையும் வாழையும் அதன் பிறகு வந்த செழிப்பு.

இன்னொரு பக்கம் போடி. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய், மிளகு, காப்பி, தேயிலை எல்லாம் இந்த வழிகளில் கீழே இறங்கின. ஆட்கள் மேலே ஏறினார்கள். சரக்கு இறங்கும், ஆள் ஏறும். இந்த ஊர்களின் பொருளாதாரத்தை நான்கு சொல்லில் சொல்வதென்றால் இதற்கு மேல் வேண்டாம். பாட்டுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்பது என் எண்ணம்.

பண்ணைப்புரத்து டேனியல் ராமசாமி அப்படி மலைத்தோட்ட வேலைக்குப் போனவர். ஒடுக்கப்பட்ட சமூகத்துக் குடும்பம். மூத்த மகன் வரதராசன் பாட்டெழுதவும் மெட்டுப் போடவும் மேடையில் பேசவும் வல்லவராக வளர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரப் பாடகரானார். தம்பிகள் பாஸ்கர், ராஜையா, அமர் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அண்ணனின் குழுவில் சேர்ந்தார்கள். ராஜையாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன், உலகம் அறிந்த பெயர் இளையராஜா. அமர், கங்கை அமரன். அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடவே பயந்த சிறுவன் யாரும் இல்லாத நேரத்தில் அதில் விரல் வைத்துப் பழகிய கதையை இளையராஜா பல முறை சொல்லியிருக்கிறார். வைகை அணை கட்டும்போது அங்கே கூலி வேலை பார்த்ததையும் சொல்லியிருக்கிறார். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையில் இந்திய இசையின் ஒரு மேதையின் சிறுவயது உழைப்பும் கலந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்திருந்தது. 126 பேர் கொண்ட பேரவையில் கட்சிக்கு 60 பேர், ஆதரவுச் சுயேச்சைகள் 5 பேர். நூலிழைப் பெரும்பான்மை. தேவிகுளத்தில் வென்றிருந்த கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், மாநிலச் சீரமைப்பில், தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயிருந்தன. அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவர்கள் மனசுக்குள் போக முடியாது. கட்சி பண்ணைப்புரத்துப் பாவலரைக் கூப்பிட்டது.

தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள்தோறும் பாட்டு ஏறியது. சிறுவன் ராஜையாவும் அண்ணனோடு போனார். ரோசம்மா வென்றார். அந்த வெற்றி பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். மேடையில் சொன்னதாக இன்றும் பள்ளத்தாக்கில் பெருமையோடு பேசிக்கொள்வார்கள். வென்றது பாட்டால் மட்டுமா என்பதை அளக்க முடியாது. ஆனால் ஒரு மாநில அரசின் ஆயுள், ஒரு இடைத்தேர்தலில், ஓர் ஆர்மோனியப் பெட்டியின் மீதும் சாய்ந்து நின்றது என்பது சின்ன விஷயமில்லை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆட்சியில் இருந்தது, பாட்டுக் கேட்டு அவர்கள் ஓட்டுப் போட்ட அதே கட்சி. தேவிகுளம் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்தே சொல்ல வேண்டும். உழைப்பாளியின் பாட்டு என்பது தேர்தல் வெற்றியோடு முடிகிற சங்கதி இல்லை.

பாவலரின் கட்டுமான முறைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமாப் பாட்டின் மெட்டை எடுப்பார். தெம்மாங்கையும் எடுப்பார். உள்ளே இருக்கும் சொல்லை வழித்துப் போட்டுவிட்டுத் தன் சொல்லை வைப்பார். விலைவாசி, கூலி, ஆளுங்கட்சி, அந்தந்த ஊரின் வழக்கு. கேட்கிறவனுக்கு மெட்டு புதிதில்லை, ஆகவே காது முழுக்கச் சொல்லுக்குத் திறந்திருக்கும். நாளைக்கு வேலைக் காட்டில் அவனே அதைப் பாடிக்கொள்ளவும் முடியும். படிப்பறிவோ இசைத்தட்டோ தேவையில்லை. கட்சிப் பத்திரிகை நுழையாத லயத்துக்குள் இது நுழைந்தது. முப்பது பேர் நின்றால் முப்பது பிரதி.

இந்த முறையிலேயே அதன் அழிவும் இருந்தது. அன்றன்றைய தேர்தலுக்கும் அந்தந்த ஊருக்கும் கட்டிய சொல், அந்த ராத்திரியோடு கரைந்துவிடும். மெட்டு மட்டும் மிஞ்சும்.

அறுபதுகளின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வு, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. தம்பி சினிமாவில் தலையெடுப்பதைப் பார்க்க அண்ணன் இருக்கவில்லை. 1976 மே மாதம் இளையராஜாவின் இசையில் 'அன்னக்கிளி' வந்தது. பஞ்சு அருணாசலத்தின் எழுத்து, எஸ். ஜானகியின் குரல். அடுத்த ஆண்டு, அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் '16 வயதினிலே'. அந்தப் படத்தில் கங்கை அமரன் எழுதி ஜானகி பாடிய ஒரு பாட்டுக்குத் தேசிய விருது. ஒரே பள்ளத்தாக்கின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தமிழ்த் திரையின் காட்சியையும் ஒலியையும் மாற்றினார்கள். ஸ்டூடியோவின் அட்டைச் சுவர் போய் நிஜமான வயல் வந்தது. கதாநாயகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உண்மையான புழுதியில் நடந்தான்.

எழுபதுகள்வரை நாட்டுப்புற மெட்டு சினிமாவில் அவ்வப்போது வந்துபோகும் விருந்தாளி. பெரும்பாலும் நகைச்சுவைக்கும் கூட்ட நடனத்துக்கும்தான். இளையராஜா அதை வீட்டுக்கு உரிமைக்காரியாக்கினார். நடவுக்காரிகள் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை, தாலாட்டின் இழுப்பு, ஒப்பாரியின் உடைவு, இவையெல்லாம் பேஸ் கிதாரோடும் வயலின் வரிசைகளோடும் சமமாக நின்றன. கீழே பேஸ் தன் போக்கில் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். மேலே கிராமத்துக் குரல் எந்தக் கூச்சமும் இல்லாமல் தன் பாட்டுக்குப் போகும். எங்கள் பாட்டு மட்டமானது என்று நினைத்துக் கூசிய லட்சக்கணக்கானவர்களுக்கு அது நிமிர்வைத் தந்தது. இதற்கு மேல் ஒரு கலைஞன் தன் ஊருக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பாவலர் சினிமா மெட்டை எடுத்துக் காதல் சொல்லை வழித்துவிட்டுக் கூலியின் சொல்லை வைத்தார். தம்பிகளின் காலத்தில் இது அப்படியே தலைகீழாகத் திரும்பியது. வயலிலும் மலையிலும் பிறந்த மெட்டு சினிமாவுக்கு வந்தபோது உள்ளே காதல் வைக்கப்பட்டது. நடவுப் பாட்டின் அமைப்பு வந்தது, நடவுக் கூலி வரவில்லை. மலை வந்தது, மஞ்சு வந்தது, குயில் வந்தது. மூட்டையும் கங்காணியும் சிட்டையில் எழுதிய கடனும் வரவில்லை. ஏலக்காயைப் போலவே மெட்டும் கீழே இறங்கி வந்து உலகத்துக்கெல்லாம் மணத்தது. காய் எடுத்தவள் மேலேயே நின்றுவிட்டாள்.

இதை இசையமைப்பாளரின் குற்றமாகப் பார்க்கிறவன் நான் இல்லை. பாட்டின் சூழலைக் கதை தீர்மானிக்கிறது, கதையை முதலீடு தீர்மானிக்கிறது. 'அன்னக்கிளி' வந்தபோது நாட்டில் நெருக்கடிநிலை. தமிழ்நாட்டில் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. கூலிக் கணக்கைப் பாடும் காலமாக அது இல்லை. கதை கேட்ட இடங்களில் அவர் திரும்பி வந்தும் இருக்கிறார். கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலிலிருந்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) படத்துக்கு இசை அவர்தான். அப்படிப்பட்ட கதைகள் குறைவாக வந்தன என்பதுதான் துயரம்.

பிறகு 1994. பாரதிராஜாவின் 'கருத்தம்மா', இசை ஏ. ஆர். ரகுமான். அதில் வறண்ட நிலத்தைப் பற்றிய வைரமுத்துவின் பாட்டொன்றில் மலேசியா வாசுதேவனோடும் பாரதிராஜாவோடும் சேர்ந்து தேனி குஞ்சரம்மாள் பாடினார். பயிற்சி பெற்ற பாடகி கிராமத்துக்காரியைப் போல ஒலிப்பதற்கும் கிராமத்துக்காரியே பாடுவதற்கும் உள்ள தூரம் அந்தக் குரல் வந்த கணத்தில் தெரிந்தது. தொண்டையை மெருகேற்றாத, வெயிலில் காய்ந்த குரல். அந்தப் பாட்டில் நிலம்தான் பேசுபொருள், அலங்காரம் இல்லை. தமிழ்த் திரைப்பாட்டு இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்புக்கு மிக அருகில் போன இடங்களில் ஒன்றாக அதை வைப்பேன்.

உரைநடை இந்த விஷயத்தில் பாட்டை முந்திக்கொண்டது. வைகை அணையால் முழுகிய ஊர்களில் ஒன்று வைரமுத்துவின் மெட்டூர். அந்த இழப்பை அவர் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக எழுதினார், 2003இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒரே அணை. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது கூலி கொடுத்தது, இன்னொரு வீட்டைத் தண்ணீருக்குள் அனுப்பியது. அந்த இரண்டு பிள்ளைகளும் பின்னாளில் சேர்ந்து பாட்டுச் செய்தார்கள். அணையைப் பற்றியல்ல.

2015 செப்டம்பரில் மூணாறு மறுபடி தலைப்புச் செய்தியானது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ், 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்குவது என்பன கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் விழுந்தது. ஒன்பது நாளில் போனஸ் கிடைத்தது, கூலி பின்னர் 301 ஆனது. அந்த நாட்களில் அவர்கள் போட்ட முழக்கங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவை எழுதிக் கொடுத்த முழக்கங்கள் இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள். நடவுப் பாட்டின் அதே அமைப்பு. ஆண் தலைவர்களின் பெயரைப் போட்டு, அவர்கள் வாழ்வையும் தங்கள் லயத்தையும் அடுத்தடுத்து வைத்து, சந்தம் தவறாமல் முழங்கினார்கள். 1958இல் கட்சி அனுப்பிய பாட்டைக் கேட்ட சனம், ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கட்சியைக் கேட்க வைத்துத் தானே பாடியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. விஜய் சேதுபதி தயாரித்தார், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். இசை இளையராஜா. பாவலர் வரதராசனின் தம்பி எழுபத்தைந்து வயதில் தன் ஊர் மலைக்குத் திரும்பி ஏறிய படம் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமக்கிறவன். கேரளத்துத் தோட்டத்திலிருந்து அடிவாரத்துக்கு ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக இறக்க வேண்டும். அவனுக்கு ஓர் ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். நிலத்துக்காகச் சேர்த்தது ஒரு மூட்டையோடு பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. கல்யாணம் ஆகிறது. ஒருவழியாக நிலம் கிடைக்கிறது. தொழிற்சங்கத் தோழர் சாக்கோ வருகிறார், சங்கத்துக்குள் துரோகமும் வருகிறது. ரங்கசாமி சிறைக்குப் போகிறான். அவன் வெளியே வருவதற்குள் விதையும் உரமும் கடனாக ஏறி நிலத்தைத் தின்றுவிடுகிறது. கடைசியில் அவன் நிலத்தில் காற்றாலை நிற்கிறது. அவன் அதற்குக் காவலாளி, சீருடையில் உட்கார்ந்திருக்கிறான்.

அலபாமாப் பாட்டில் ஆலை வேலை போனவன் வால்மார்ட்டுக்குப் போனானே, அந்த இடத்தை இது தொடுகிறது. அவன் இழந்தது வேலை. இவன் காக்க உட்காருவது தன் மண்ணை.

இந்தப் படத்தில் இளையராஜா செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்யாமல் விட்டது. நீண்ட நேரம் இசையே இல்லை. மூச்சு வாங்கும் சத்தம், கல் உருளும் சத்தம், மூட்டையை இறக்கும்போது முதுகிலிருந்து வரும் ஒரு முனகல். எத்தனையோ படங்களில் மலையைக் கண்டதும் வயலின்களை எழுப்பியவர், மூட்டை தூக்கும் மனிதன் மலையில் நடக்கும்போது அடங்கியிருக்கிறார். இந்த மனிதர்களை அவர் சின்ன வயதில் பார்த்தவர். அந்தப் பாதையில் நடப்பவன் பாட்டுக்கு மூச்சை மிச்சம் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இசை வருகிற இடங்களிலும் அது கதாபாத்திரத்தைத் தூக்கிப்பிடிப்பதில்லை, பக்கத்தில் நடக்கிறது. ஒரு வாழ்க்கையைப் பாடுவதற்கு எப்போது பாடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் இந்தப் படத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

படம் அரங்குகளில் ஓடிய அடுத்த ஆண்டு, 2019 ஆகஸ்டில், மலைமேல் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதுவரை இல்லாத விலை. அதற்கு அடுத்த ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்ட லயங்கள் புதைந்தன. எழுபது பேர். தூக்கத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். விலையும் சாவும் ஒரே மலையில், ஓராண்டு இடைவெளியில். இதைப் பாட ஒரு பாவலர் இருந்திருந்தால் எந்த மெட்டை எடுத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த மெட்டாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. ஆகவே அது நிச்சயம் அவருடைய தம்பியின் மெட்டுகளில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது தேனியில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினால் அது பொருத்தமே. அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. தேவிகுளத்தில் 1958இல் இருபது வயதில் நின்று பாவலரைக் கேட்டவருக்கு இப்போது தொண்ணூறை நெருங்குகிற வயது. மூணாற்று லயங்களிலும், வேலை ஓய்ந்து அடிவாரத்துக்கு இறங்கிவிட்ட குடும்பங்களிலும், திண்ணையில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உட்கார்ந்திருக்கக்கூடும். எந்தச் சினிமாப் பாட்டின் மெட்டு, அதில் பாவலர் என்ன சொல்லை வைத்தார், எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார், எந்த இடத்தில் கூட்டம் கை தட்டியது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. மெட்டேறிப் போக ஜீப்பும் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது.